ஒழுங்கைக்குப் படலை எதற்கு?

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விசயத்துக்கு வருகிறேன். குடியிருப்புக்குள்ளால் ஊர்ச்சனம் நடக்கிற பாதைக்கு, அதுதான் ஒழுங்கைக்கு, படலை போட்டுப் பூட்டலாமா என்பது கேள்வி. போடக்கூடாது என்கிறோம். பத்து வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேளாமல், உரிமையோடு நடந்த பாதைக்கு வழியுரிமை கேட்கலாம் என்று இலங்கையின் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே இடம் தருகிறது. சட்டம் அவ்வளவு போதும்.

எதிரணித் தலைவர் என்னைப் பார்த்து, "அவ்வளவு தாராள மனசென்றால் தம்பி உங்கட குசினிக்குள்ளாலயும் ஒரு பாதை விடுங்கோவன்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணை, என் குசினிக்குள்ளால் ஊர் ஒருநாளும் நடந்ததில்லை. இந்தப் பாதையால் உங்கள் காணி உறுதி எழுத முன்னமே சனம் நடந்தது, அதைக் கண்டுதானே காணி வாங்கினீர்கள்?

கள்ளன் வருவானாம், அதற்குத்தான் படலையாம். சரி, கேளுங்கள். எங்கள் பக்கம் குளக்கட்டுக்குப் போகிற பாதைக்கு ஒருவர் கள்ளருக்குப் பயந்து இரும்புப் படலை போட்டார், மேலே கூர் கூராகக் கம்பி. மறுநாள் மீன்காரர் சைக்கிளோடு வந்து கூப்பிட்டார், திறப்புக்காரர் கிணற்றடியில். மீன்காரர் போய்விட்டார், அன்றைக்கு அந்த வரிசை முழுக்கப் பருப்புக்கறி. இது பரவாயில்லை. பிறகொருநாள் அவரே கலியாணவீட்டுக்குப் போய் இரவில் திரும்பினார். திறப்பு வீட்டுக்குள்ளே, மனுசி வவுனியாவில் மகளோடு. ஏறிவிட்டார் படலையில்! வேட்டி கம்பியில் கொழுவிவிட்டது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கீழே ஊர் நாயெல்லாம். "ஆரடா அது, கள்ளன்!" என்று ரோர்ச் லைட்டோடு ஓடிப்போய்ப் பார்த்தால், ஐயா. வேட்டியைக் கழற்றினால் இறக்கலாம், அவர் விடமாட்டேன் என்கிறார். கடைசியில் பூட்டை உடைத்தோம், படலை திறந்தது, அவரும் மேலே இருந்தபடியே கூடத் திறந்து போனார்! அந்தப் படலை பிடித்த ஒரே கள்ளன், அதைப் போட்டவர்தான். ஆள் நடமாட்டம் உள்ள பாதையால் கள்ளன் வரப் பயப்படுவான், பூட்டி வெறிச்சோடிய பாதைதான் அவனுக்கு வசதி.

சிரித்தது போதும், நடுவர் ஐயா. பாதை பூட்டினால் என்ன ஆகும் என்று வன்னிச்சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2002இல் வன்னிக்குள்ளால் யாழ்ப்பாணம் போகிற ஏ9 றோட்டு திறந்தபோது கட்டிப்பிடித்து அழுத சொந்தங்கள், 2006 ஆகஸ்டில் திரும்பப் போர் மூண்டு அது மூடியதும் அங்கொன்று இங்கொன்றாய்ப் பிரிந்தன. செத்தவீட்டுக்குக்கூடப் போக முடியாமல் இருந்த தாய்மார் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். 2017இல் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவுச் சனம், படையினர் பிடித்து வைத்திருந்த சொந்தக் காணிக்குப் போகவிடச் சொல்லி வெயிலிலும் மழையிலும் படைமுகாம் வாசலில் இருந்தது. அவ்வளவும் பட்ட நாங்கள், அயலவனுக்கு நாங்களே பூட்டுப் போடுவதா?

எங்கள் பாதையின் கடைசி வீட்டில் தடியூன்றி நடக்கிற ஒரு ஆச்சி இருக்கிறா. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இதால் போனால் பூசை காணுவா, றோட்டால் சுற்றினால் பாதி வழியில் மதகில் இருந்துவிடுவா. அவவுக்காகக் கேட்கிறேன் ஐயா, படலை போடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.