ஏறிக்கொண்டிருந்த பாரம் நின்றுவிட்டால்

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஜிம்மில் பல வருடமாகப் பாரம் தூக்குகிறேன், கொஞ்சக் காலமாகப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, முதல் நாலைந்து மாதம் கிடுகிடுவென்று ஏறியது, இப்போது அசையவே இல்லை, நான் எங்கே பிழை விடுகிறேன்?" அநேகமாகப் பிழை எதுவும் இருக்காது. உடம்பு மாறிவிட்டது, அட்டவணை மட்டும் முதல் நாள் எழுதியபடியே கிடக்கிறது.

தொடக்கத்தில் வரும் பலத்தில் பெரும்பங்கு புதுத் தசையால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தூக்கும் பாரமும் குறைவு, அதனால் ஒரு நாள் ஓய்வெடுத்தாலே உடம்பு தேறிவிடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு முறையும், இரும்புப் பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் பக்கத்துக்கு 1.25 கிலோவாக 2.5 கிலோ கூட்டலாம், தோள் பயிற்சிக்கு அதிலும் குறைவாக. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கிலோ வெறும் பாரில் தொடங்கி, கிழமைக்கு மூன்று நாள் 2.5 கிலோ கூட்டிக்கொண்டே போனால் ஒரு வருடத்தில் 410 கிலோவில் நிற்கவேண்டும். அப்படி யாருக்கும் ஏறாது. எங்கேயோ ஓரிடத்தில் நிற்கத்தான் செய்யும்.

எனக்கு ஸ்குவாட் 92.5 கிலோவில் நின்றது. நாலு தடவை எழும்புவேன், ஐந்தாவதில் கீழே போனதும் முழங்கால் இரண்டும் உள்ளே மடியும். இரண்டு மாதம் அதையே பிடிவாதமாக முயன்றேன். என் மாஸ்டர் கொட்டாஞ்சேனைக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள், தூக்கிய பாரத்தைக் குறித்துவைக்கும் என் சி.ஆர். கொப்பியை வாங்கி இரண்டு பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "தம்பி, போன மாதமும் இதையேதான் எழுதியிருக்கிறாய்" என்றார். அப்புறம் எத்தனை மணிக்குப் படுக்கிறாய், காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். பாணும் சம்பலும் என்றேன். முட்டையும் பருப்பும் சேர்க்கச் சொன்னார், அட்டவணையில் கை வைக்கவில்லை. பாரத்தை மட்டும் பத்து வீதமளவு குறைத்து மறுபடி ஏறிவரச் சொன்னார். 95 வரை வந்து திரும்பவும் நின்ற பிறகுதான் திட்டத்தையே மாற்றினார்.

திங்களன்று 85 கிலோவில் ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை, உடம்பு நன்றாகக் களைக்கும். புதனன்று 65 கிலோவில் இரண்டு செட், வியர்வை வருமுன்னே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கனமான செட், போன வெள்ளியை விட 2.5 கிலோ கூட. பலம் கூடக்கூட உடம்பை உசுப்புவதற்கே நிறைய வேலை தேவைப்படுகிறது, அந்த வேலையிலிருந்து தேறுவதற்கோ ஒரு நாள் ஓய்வு காணாது. ஆகவே நாளுக்கு நாள் கூட்டினவர் கிழமைக்குக் கிழமை கூட்டவேண்டி வருகிறது. அதுவும் நின்றால் மாதக் கணக்கு: சில கிழமைகள் நடுத்தரப் பாரத்தில் அதிக செட், பிறகு செட்டைக் குறைத்துப் பாரத்தை ஏற்றுவது, நடுவே ஒரு கிழமை எல்லாவற்றையும் பாதியாக்கி இளைப்பாறுவது. துணைப் பயிற்சிகளையும் இந்தக் கட்டத்தில்தான் பார்த்துச் சேர்க்கவேண்டும், எந்த இடத்தில் பார் நிற்கிறதோ அந்த இடத்துக்கு.

2022 பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் நம் டிலங்க இசுரு குமார 55 கிலோ பிரிவில் மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் எடுத்தார். அந்த உயரத்தில் ஒரு கிலோ கூட்டுவதற்கே மாதக்கணக்கில் திட்டமிடவேண்டும். அதைப் பார்த்துவிட்டு, சேர்ந்து ஆறு கிழமை ஆன பிள்ளைகள் யூடியூபில் பெரிய வீரர்களின் அட்டவணையை எடுத்துக்கொண்டு வருவதுதான் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏறக்கூடிய உடம்பை மாதத்துக்கு 2.5 கிலோவில் பிடித்துவைக்கிறார்கள்! எளிய திட்டம் வேலை செய்யும்வரை அதை விடாதீர்கள். மாறுங்கள் என்று கொப்பி சொல்லும்: நல்ல நித்திரையும் சாப்பாடும் இருந்து, குறைத்து ஏறியும் இரண்டு தரம் அதே இடத்தில் நின்றால்.

இன்னொன்று. டெங்கு வந்தோ வேலைப்பளுவாலோ இரண்டு மூன்று மாதம் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடங்கவேண்டாம். காய்ச்சலென்றால் முதலில் டொக்டரைக் கேளுங்கள். பிறகு பழையபடி புதியவருக்கான அட்டவணை, பழைய பாரத்தில் பாதி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட. இழந்த பலம் முதன்முறை வந்ததை விட வேகமாகத் திரும்பும். அது திரும்பி மறுபடி நிற்கிற நாளில், முன்பு விட்டுவந்த கிழமை அட்டவணையை எடுத்தால் சரி.