ஒரே கணக்கு, 82.7 கோடி பவுண்டு நட்டம்: பேரிங்ஸ் வங்கி வீழ்ந்த கதை

(திரையில்: 88888)

வணக்கம். 233 ஆண்டுகள் பழமையான ஒரு வங்கியை இந்த ஐந்து இலக்கக் கணக்கு விழுங்கிவிட்டது. பங்கு வணிகத்தில் ஸ்டாப் லாஸை, அதாவது இழப்பு பெருகுமுன் விற்று வெளியேறக் குறித்து வைக்கும் விலையை, ஒருமுறையேனும் தள்ளி வைத்தவர்கள் இதைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1762-இல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி, 1803-இல் அமெரிக்கா லூசியானாவை வாங்கியபோது நிதி திரட்டிக் கொடுத்த நிறுவனங்களுள் ஒன்று. பழைய வரலாறு இவ்வளவு போதும். நாம் 1992-ஆம் ஆண்டின் சிங்கப்பூருக்குச் செல்வோம்.

அங்கே பேரிங்ஸ் கிளையில் வணிகம் செய்தவர் நிக் லீசன். அந்த வணிகத்தைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பிரிவும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. 20 ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை (பின்னொரு நாளில் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ செய்யும் ஒப்பந்தங்கள்) வாங்குவதற்குப் பதிலாக ஊழியர் ஒருவர் விற்றுவிட்டதால் ஏற்பட்ட ஏறத்தாழ 20,000 பவுண்டு இழப்பு, பிழைகளைப் பதிவதற்கென இருந்த இந்த 88888 கணக்கில் மறைக்கப்பட்டது. அன்றே தலைமையகத்திற்குத் தெரிவித்திருந்தால், ஒரு கண்டிப்போடு முடிந்திருக்கக்கூடிய தொகை அது.

அடுத்து வரும் எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. மறைக்கப்பட்ட இழப்பு 1992 இறுதியில் 20 லட்சம் பவுண்டு, 1993 இறுதியில் 2.3 கோடி, 1994 இறுதியில் 20.8 கோடி; அதாவது ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்து மடங்கு. இழந்ததை மீட்க வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரிய தொகை பணயம் வைக்கப்பட்டது. நம் வணிகர்கள் 'ஆவரேஜ் செய்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு, விழும் பங்கில் மேலும் மேலும் பணம் போடுவதும் இதே வழிதான்.

ஜப்பானின் நிக்கேய் பங்குச்சந்தைக் குறியீடு பெரிதாக அசையாது என்று நம்பி, லீசன் கால் (குறித்த விலையில் வாங்கும் உரிமை), புட் (குறித்த விலையில் விற்கும் உரிமை) ஆகிய இருவகை ஆப்ஷன்களையும் விற்றிருந்தார். குறியீடு எந்தப் பக்கம் பெரிதாக நகர்ந்தாலும் விற்றவருக்கு நட்டம். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரத்தை நிலநடுக்கம் தாக்கியது. ஜனவரி 23 அன்று ஒரே நாளில் குறியீடு 1,000 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. அவரோ சந்தை மீளும் என்று மேலும் ஃபியூச்சர்ஸ் வாங்கினார். பிப்ரவரி இறுதியில் மொத்த இழப்பு 82.7 கோடி பவுண்டு. வங்கியை நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிதி நிறுவனம் 1 பவுண்டுக்கு வாங்கியது.

நிலநடுக்கத்தை யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால், வணிகம் செய்பவரே கணக்கையும் பார்த்தார் என்பதுதான் என்னை உறுத்துகிறது, ஏனெனில் வீட்டிலிருந்து தனியாக வணிகம் செய்யும் ஒவ்வொருவரும் அதே இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறார்கள், தட்டிக்கேட்க ஆளில்லை. எனவே கேட்கும் பொறுப்பை வணிகத்திற்கு முன்பே எண்ணாக எழுதிவிட வேண்டும். உங்கள் முதலீடு 1 லட்சம் ரூபாய், ஒரு வணிகத்தில் இழக்கச் சம்மதிப்பது அதில் 1 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்ப் பங்குக்கு 480-இல் ஸ்டாப் லாஸ் என்றால், ஒரு பங்குக்கு இழப்பு 20 ரூபாய். ஆகவே நீங்கள் வாங்கக்கூடியது 50 பங்குகள் மட்டுமே.

வாங்கும் ஆர்டருடனேயே அந்த 480-ஐயும் பதிவு செய்துவிடுங்கள். மாலையில் அன்றைய கணக்கை, சந்தையில் ஈடுபடாத வீட்டார் ஒருவரிடம் காட்டுங்கள்.