எச்.பி. (உயிர்ப் புள்ளி) பூஜ்யமானா கடவுள் செத்துடுவாரா?

வணக்கம் மக்களே! இன்னைக்கு கேள்வி இதுதான்: ஃபேன்டஸி கேம்ல வர்ற சாகாவரம் பெத்த தெய்வங்களை ஒரு சாதாரண மனுஷனால கொல்ல முடியுமா? ஸ்பாய்லர் எக்கச்சக்கமா வரும். எல்டன் ரிங், மாரோவிண்ட், டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் இதெல்லாம் முடிக்காதவங்க இப்பவே கிளம்பிடுங்க.

என் பதில், முடியும். ஆனா பாஸ் ஃபைட்ல, அதாவது பெரிய எதிரியோட மோதுற சண்டையில, நீங்க பண்றது பல நேரம் கொலையே இல்ல, விரட்டி அடிக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற மேஜை விளையாட்டோட ஐந்தாம் பதிப்புல வர்ற டிராகன் தெய்வம் டியாமட்டை எடுத்துக்கோங்க. 615 எச்.பி., ஆர்மர் கிளாஸ் (அடி படாம தப்பிக்கிற அளவு) 25, ஒவ்வொரு டர்ன் ஆரம்பத்துலயும் 30 எச்.பி. திரும்ப ஏறும். ஆறாம் லெவல் வரைக்கும் உள்ள மந்திரம் அவளா இடம் கொடுத்தாதான் வேலை செய்யும். இவ்ளோவையும் தாண்டி பூஜ்யத்துக்கு கொண்டு வந்தா என்ன நடக்கும்? உடம்பு அழியும். சாரம் நைன் ஹெல்ஸ்ங்கிற நரகத்துல இருக்குற அவ இடத்துக்குப் போயிடும். கொஞ்ச காலம் உருவம் எடுக்க முடியாது, அவ்ளோதான். அவளோட ஸ்டாட் பிளாக்லயே (திறன் பட்டியல்) இது எழுதியிருக்கு, ஆனா பாதி பேர் அந்த வரியைப் படிக்கிறதே இல்ல.

வார்கிராஃப்ட்லயும் இதே கதைதான். டீமனை அசெராத்ங்கிற உலகத்துல வெட்டினா அதோட ஆன்மா ட்விஸ்டிங் நெதர்ங்கிற டீமன்களோட வெளிக்குத் திரும்பிடும். நிரந்தரமா முடிக்கணும்னா அங்கயே போய் அடிக்கணும். ஹைஜால் மலையில அவ்ளோ பெரிய பலி கொடுத்து ஒழிச்ச டீமன் தலைவன் ஆர்க்கிமோண்ட் பின்னாடி வந்து நின்னது அதனாலதான்.

அதனால "எவ்ளோ டேமேஜ்"ங்கிற கேள்வியை விடுங்க. உயிர் எங்க இருக்கு? அதைத் தேடுங்க. ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள உயிரை ஒளிச்சு வெச்ச மந்திரவாதிகிட்ட போய் கத்தியை வீசி என்ன பிரயோஜனம்?

இதை ரொம்ப சுத்தமா செஞ்சது 2002ல வந்த மாரோவிண்ட்தான். அதுல வர்ற வில்லன் பேரு டகோத் ஊர். அவனோட தெய்வத்தன்மை அவன் உடம்புல இல்ல, லோர்கான்ங்கிற பழைய தெய்வத்தோட இதயத்துல இருக்கு. அவனை ஒருதடவை சாய்ச்சாலும் உள்ளே இதயம் இருக்குற அறையில திரும்ப முழுசா நிப்பான். வேணுங்கறது மூணு கருவி. ரெய்த்கார்டுங்கிற கையுறை, விவெக்ங்கிற இன்னொரு தெய்வமே கொடுப்பாரு. வெமினல் கோட்டையில சண்டர்ங்கிற சுத்தியல். ஓட்ரோசல் கோட்டையில கீனிங்ங்கிற கத்தி. வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல கையுறையை மாட்டுங்க. அது இல்லாம சண்டரையோ கீனிங்கையோ கையில எடுத்தா எச்.பி. சர்ருனு இறங்கி நீங்களே போய்ச் சேர்ந்துடுவீங்க. நடுவுல "ஆர்மர் மாத்திக்கறேன்"னு அதைக் கழட்டினாலும் அதே கதிதான். உள்ள போனதும் டகோத் ஊரை கண்டுக்காதீங்க. அவனோட மல்லுக்கட்டுறது வெட்டி வேலை. பாலத்தைத் தாண்டி இதயத்துக்கிட்ட போய் சண்டரால ஒரு அடி, அப்புறம் கீனிங்கால இதயம் மறையுற வரைக்கும் குத்து. முதல்லயே கீனிங்கை எடுத்துக் குத்தி "பக்"னு புலம்புறவங்க நிறைய. பக் இல்ல, சுத்தியல்தான் முதல்ல.

அப்ப கதையில விவெக்கையே போட்டுத் தள்ளிட்டா? அதுக்கும் வழி வெச்சிருக்காங்க. ட்வெமர்ங்கிற அழிஞ்சுபோன இனத்துல மிச்சமிருக்குற யாக்ரம் பாகர்ன் அந்தக் கையுறையை ஒட்டுப்போட்டுக் கொடுப்பாரு. ஆனா மாட்டும்போது உங்க எச்.பி.யில ஒரு பெரிய பங்கை நிரந்தரமா தின்னுடும். எச்.பி. கம்மியா இருந்தா அந்த நிமிஷமே சாவுதான்.

எல்டன் ரிங் வேற மாதிரி. அங்க சாவுங்கிறதையே மரிகாங்கிற ராணி தெய்வம் பிடுங்கி, தன் காவலன் மலிகெத்கிட்ட பூட்டி வெச்சுட்டா. சாவே இல்லாத உலகத்துல கொலைக்கு ஆயுதம் எங்கிருந்து வரும்? ரன்னிங்கிற அரைத்தெய்வம் அதுல ஒரு துணுக்கைத் திருடி கத்திகள்ல ஏத்தினா. ஒரே ராத்திரியில ரெண்டு சாவு, ரெண்டும் அரைகுறை. இன்னொரு அரைத்தெய்வமான காட்வினுக்கு ஆன்மா மட்டும் போச்சு, உடம்பு சாகாம மரத்துக்கு அடியில வளர்ந்துட்டே இருக்கு. ரன்னிக்கு உடம்பு போச்சு, ஆன்மா பொம்மைக்குள்ள உட்கார்ந்திருக்கு. நம்பலைன்னா, கேரியன் ஸ்டடி ஹாலை தலைகீழா புரட்டி லிஊர்னியா டிவைன் டவர் உச்சிக்குப் போங்க. கருகிப்போன ஒரு சடலம் கிடக்கும். அதுதான் அவ பழைய உடம்பு, சாபக்குறி அங்கேயேதான் கிடைக்கும். அதாவது, ஆயுதம் சரியா இருந்தும், ஒரே நேரத்துல ரெண்டு பேர் செத்து சாபக்குறி ரெண்டா உடைஞ்சதால கொலை பாதியில நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்சு இவ்ளோ கொடூரமா யோசிச்ச லோர் (கேமோட பின்கதை) வேற இல்ல.

முழுச் சாவு வேணும்னா மலிகெத்தை ஃபாரம் அசூலாங்கிற இடத்துல வீழ்த்தணும். ஒரு எச்சரிக்கை: அவனை அடிச்ச கையோட தலைநகர் லெய்ண்டெல் சாம்பலாயிடும். அங்க பாக்கி குவெஸ்ட், ஐட்டம் இருந்தா எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

கடைசியா டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ், 2009. கறைபட்ட பழைய தெய்வமான ஆர்ச்டீமனை யார் வேணா குத்தலாம், ஆனா சாகாது. அதோட ஆன்மா பக்கத்துல இருக்குற டார்க்ஸ்பான்ங்கிற அதோட படை அரக்கனுக்குள்ள தாவிடும். டார்க்ஸ்பானுக்கு ஆன்மா கிடையாது, காலிப் பாத்திரம். அதனாலதான் முதல் பிளைட், அதாவது டார்க்ஸ்பான் படையெடுப்பு, கிட்டத்தட்ட 200 வருஷம் இழுத்துச்சு. இதுங்களை எதிர்க்கிற கிரே வார்டன்ங்கிற வீரர்கள் குத்தினா மட்டும் ஏன் முடியுது? அவங்க டார்க்ஸ்பானோட கறை படிஞ்ச ரத்தத்தைக் குடிச்சவங்க, அதனால ஆன்மா அவங்ககிட்டதான் தாவும். ஆனா அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கே! ரெண்டும் மோதி ரெண்டும் அழியும். வார்டனும் செத்துடுவாரு. மாரிகன்ங்கிற சூனியக்காரி சொல்ற சடங்குக்கு நீங்க ஒத்துக்கிட்டா வார்டன் பிழைப்பாரு, ஆனா பழைய தெய்வத்தோட ஆன்மா அவ குழந்தைக்குள்ள போயிடும். அப்போ கொன்ன கணக்கா, காப்பாத்தின கணக்கா? என்னைக் கேட்டா, அது கொலையே இல்ல.

மாரோவிண்டுக்கு அடுத்து வந்த அப்லிவியன்ல வர்ற டீமன் பிரபு மெஹ்ரூன்ஸ் டேகனையும் நான் இந்தக் கணக்குல சேர்க்கல. பேரரசர் வாரிசு மார்ட்டின் செப்டிம் ராஜ அமுலெட்டை (தாயத்து) உடைச்சு, டிராகன் தெய்வம் அகடோஷோட அவதாரமா மாறி அவனைத் திருப்பி அனுப்பினாரு. அங்க மனுஷனும் கொல்லல, டேகனும் சாகல. இல்லைங்கறவங்க கமெண்ட்ல வாங்க, பேசிக்கலாம்.