தாத்தாவோட ரேடியோ: பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

வணக்கம். மேசையில இருக்கிறது ஒரு வால்வு ரேடியோ, கண்ணாடிக் குழாய் வால்வு வச்சு ஓடுற பழைய செட். ராணுவத்துல சிக்னல்ஸ்ல (தகவல் தொடர்புப் பிரிவு) ரேடியோ மெக்கானிக்கா இருந்து, ரிட்டயர் ஆனப்புறம் ஊர்ல ரிப்பேர் வேலை பார்த்தவர் வீட்டு செட். அவர் இப்ப இல்ல. "தாத்தாவோட ரேடியோவை மறுபடி பாட வைக்கணும்"னு பேரப்பிள்ளைங்க கேட்டிருக்காங்க. வேலூர்ப் பக்கம் இப்படி ஒரு செட் பரண்ல கிடக்கிற வீடு நிறைய இருக்கும். உங்க வீட்லயும் இருந்தா தயவுசெஞ்சு நேரா பிளக்கைச் சொருகாதீங்க. பல வருஷம் சும்மா கிடந்த ஃபில்டர் கண்டென்சர் (உள்ள டிசியைச் சீராக்குறது) பவர் வந்ததும் ஷார்ட் ஆகலாம், அது கூடவே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையும் எரிச்சிடலாம். கண்டென்சர் இன்னிக்கும் சென்னை ரிச்சி தெருவுல கிடைக்கும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது.

பின் அட்டையைக் கழட்டினதும் துடைக்க ஆரம்பிக்காதீங்க. முதல்ல போட்டோ எடுங்க. கேமராவைக் கிட்ட கொண்டு வரேன், இந்த வயர் கட்டைப் பாருங்க. மெழுகு நூல், சம இடைவெளியில முடிச்சு, பூ தொடுத்த மாதிரி ஒரே நூல் கடைசி வரைக்கும் ஓடுது. இதுக்குப் பேரு கேபிள் லேசிங். ராணுவ செட்லயும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்லயும் இப்படித்தான் கட்டுவாங்க, வண்டி எவ்வளவு குலுங்கினாலும் வயர் ஆடக் கூடாதுன்னு. வீட்டு ரேடியோவுக்கு இது தேவையே இல்ல. ஆனா அவர் கைக்கு அதுதான் பழக்கம். சால்டரிங்கையும் பாருங்க. கம்பியை டேக்ல வளைச்சு இறுக்கி மாட்டிட்டு, அப்புறம்தான் ஈயம் வச்சிருக்கார். ஈயத்தை எடுத்துட்டாலும் கம்பி கழண்டு வராது. இங்க சேசிஸ்ல, அதாவது எல்லாத்தையும் தாங்குற உலோகத் தட்டுல, பென்சில்ல வால்வோட ஆனோடு முனை வோல்டேஜ் எழுதியிருக்கார், 245ன்னு. ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைச்சா இது போயிடும். காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ் மட்டும் போதும்.

அவரோட டிஸ்சார்ஜ் புக்கையும் பக்கத்துல எடுத்து வச்சுக்கோங்க. சர்வீஸ் நம்பர், டிரேடு, வாங்கின மெடல் எல்லாம் அதுல இருக்கும். பூர்வி ஸ்டார் இருந்தா 1971 போர்ல கிழக்கு முனையில இருந்திருக்கார், பஸ்சிமி ஸ்டார்னா மேற்கு முனை. புக் தொலைஞ்சிருந்தா பென்ஷன் ஆர்டர்ல நம்பர் இருக்கும், மெடல் விளிம்புலயும் வெட்டியிருக்கும். அதனால மெடலைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க. அந்த நம்பரை வச்சு ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதலாம். சிக்னல்ஸ்னா ஜபல்பூர், ஈ.எம்.ஈ.ன்னா (ராணுவத்தோட எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் ரிப்பேர் பிரிவு) செகந்திராபாத். எப்படி எழுதணும்னு தெரியலைன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேளுங்க.

இப்ப செட்டுக்கு வருவோம். வால்வு மேல இருக்கிற எழுத்தைப் படிங்க. இதுல ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84, ஈ.இசட்.80 இருக்கு. எல்லாமே ஈ-ல ஆரம்பிக்குது, அதனால டிரான்ஸ்ஃபார்மர் செட். யூ.சி.எச்.81, யூ.எல்.84னு யூ-ல ஆரம்பிச்சா ஏசி-டிசி செட். அதுல மெயின்ஸோட ஒரு முனை நேரா சேசிஸ்லயே இருக்கும். பிளக்கை மாத்திச் சொருகினா சேசிஸைத் தொட்டாலே ஷாக்தான். பழக்கம் இல்லாதவங்க யூ செட்டைத் திறக்கவே வேண்டாம்.

பவர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு வேலை. மெயின் ஃபில்டருக்கு 47 மைக்ரோஃபேரட், 450 வோல்ட் கண்டென்சர் ரெண்டு போடுங்க. பெருசா இருந்தா ஹம் (உர்ருன்னு வர்ற இரைச்சல்) குறையும்னு 100 போடக் கூடாது. ஏசியை டிசி ஆக்குற வால்வு ஈ.இசட்.80தான், அதுக்கு முதல் கண்டென்சர் 50க்கு மேல போனா வால்வு தாங்காது. ரெண்டாவது, ஸ்பீக்கரை ஓட்டுற ஈ.எல்.84ஓட 2ஆம் பின்னுக்கு (அதுதான் கிரிட்) போற கப்ளிங் கண்டென்சர். பழைய பேப்பர் கண்டென்சர் கட்டாயம் லீக் ஆகும். லீக் ஆனா கிரிட் பாசிட்டிவ் ஆகும், வால்வு அளவு மீறி கரண்ட் இழுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். அதே மதிப்புல 630 வோல்ட் பாலியஸ்டர் போடுங்க. கழட்டின பழசைத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு, எந்த இடத்துல இருந்துச்சுன்னு எழுதி பெட்டிக்குள்ளயே வைங்க. அது அவர் கையால மாட்டினதா இருக்கலாம். ஐ.எஃப். காயில் (ஸ்டேஷனைப் பிரிச்செடுக்கிற சுருள்) திருகைத் திருப்பாதீங்க. மெழுகு வச்சிருக்கிறதே யாரும் தொடக் கூடாதுன்னுதான்.

பின்னாடி வோல்டேஜ் செலக்டரை இருக்கிறதுலயே அதிகத்துல, 240, 245 மாதிரி வைங்க. அப்புறம் 60 வாட் குண்டு பல்பு ஒண்ணை சீரிஸ்ல, அதாவது செட்டுக்குப் போற ஒரு வயரோட நடுவுல, மாட்டணும், எல்இடி பல்பு ஆகாது. முதல்ல ஈ.இசட்.80ஐக் கழட்டி வச்சுட்டு ஆன் பண்ணுங்க. பல்பு மங்கலா எரிஞ்சா சரி. பளிச்சுன்னு எரிஞ்சா டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட், அங்கயே நிறுத்திடுங்க. சரியா இருந்தா ஆஃப் பண்ணி, ஈ.இசட்.80ஐ மாட்டி மறுபடி ஆன். அரை நிமிஷத்துல வால்வு சூடாகி பல்பு கொஞ்சம் கூடும், அதோட நிக்கணும். கூடிக்கிட்டே போனா உடனே ஆஃப்.

எல்லாம் சரின்னா பல்பை எடுத்துட்டு நேரா பவர் கொடுத்து மீட்டர் வைங்க. ஒரு கை முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும், உள்ள 250 வோல்ட் டிசி ஓடுது. ஈ.எல்.84ல 3ஆம் பின்ல ஏழு வோல்ட் பக்கம் வரணும், 2ஆம் பின்ல பூஜ்யம். புது கண்டென்சர் போட்டும் 2ல பாசிட்டிவ் காட்டினா வால்வுதான் கெட்டிருக்கு. ஆஃப் பண்ணினப்புறமும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஃபில்டர்ல வச்சு சார்ஜை இறக்காம உள்ள கை வைக்காதீங்க.

ஏரியலுக்கு அஞ்சு மீட்டர் வயர் போதும். மீடியம் வேவ்ல சென்னை 720 கிலோஹெர்ட்ஸ், திருச்சி 936. வெறும் கரகரப்பு மட்டும் வந்தா செட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வீட்ல எல்இடி லைட், போன் சார்ஜர் எல்லாத்தையும் அணைச்சுப் பாருங்க.

அவர் பெட்டியில ஏவோ மீட்டர் மாடல் 8 (முள் வச்ச பழைய மல்டிமீட்டர்) இருந்தா அதோட பேட்டரி மூடியை இன்னிக்கே திறங்க. உள்ள ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு 15 வோல்ட் பேட்டரி இருக்கும். கசிஞ்சு தகடு பச்சை பூத்திருந்தா, செல்லை எடுத்துட்டு வினிகர் தொட்ட பஞ்சால துடைச்சு, அப்புறம் தண்ணி தொட்ட பஞ்சு, நல்லா காய வைங்க. வோல்ட், ஆம்பியர் பார்க்க அந்த மீட்டருக்கு பேட்டரியே வேண்டாம். அவர் ரேடியோவை அவர் மீட்டர்லயே அளந்து பார்க்கலாம்.