வெளுத்த டோகா

நண்பர்களே, தேர்தலில் நிற்பவரை ஆங்கிலத்தில் 'கேண்டிடேட்' என்கிறோம். லத்தீனில் இதற்கு 'வெள்ளை உடுத்தியவர்' என்று பொருள். உடனே, வேட்பாளரின் மனம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றுதான் ரோமானியர்கள் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்லிவிடுகிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ரோமில் நடந்தது வேறு.

லத்தீனில் வெள்ளைக்கு இரண்டு சொற்கள். 'ஆல்பஸ்' வெறும் வெள்ளை. 'கான்டிடஸ்' பளீரென்று கண்ணைப் பறிக்கும் வெள்ளை. ரோமானியக் குடிமகன் போர்த்திய டோகா கம்பளியால் ஆனது. இயல்பில் கொஞ்சம் மங்கல்தான். பதவிக்கு நிற்பவர் அதில் வெள்ளை மண்ணைத் தேய்த்து வெளுக்கச் செய்து, சந்தைச் சதுக்கத்துக்கு வருவார். எத்தனை பேர் நடுவிலும் தனியாகத் தெரிய வேண்டுமே! அவர்தான் 'கான்டிடாட்டஸ்'. சொல் குறித்தது துணியை, மனதை அல்ல. 'ஒளிவுமறைவில்லாத' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'கேண்டிட்' இதே வேரிலிருந்து வேறு வழியாக வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இந்த வெளுப்பு ரோமானியர்களுக்கே உறுத்தியது. வாக்குக் கேட்பதற்காக உடையை வெளுக்கக் கூடாது என்று கி.மு. 432இல் சட்டமே வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். சட்டம் நிலைக்கவில்லை, வழக்கம் நிலைத்தது.

சரி, வெளுத்த டோகாவோடு அவர் என்ன செய்வார்? சுற்றிச் சுற்றி வருவார், கைகுலுக்குவார். பக்கத்தில் ஓர் அடிமை நடந்து வருவான். எதிரே வருகிறவரின் பெயரை மெதுவாகக் காதில் சொல்வதே அவன் வேலை. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் குளிர்ந்து போவார். இந்தச் சுற்றிவருதலுக்குப் பெயர் 'ஆம்பிட்டியோ'. 'ஆம்பிஷன்' பிறந்தது இதிலிருந்துதான். நாம் பிள்ளைகளிடம் ஆசையாகக் கேட்கிறோமே, உன் ஆம்பிஷன் என்ன என்று, அதே சொல்!

இதன் உடன்பிறப்பு 'ஆம்பிட்டஸ்'. அது வாக்குக்காகப் பணமும் விருந்தும் கொடுக்கும் குற்றத்தின் பெயராகிவிட்டது. அதற்கு எதிராகச் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார்கள். கி.மு. 63இல் கான்சலாக, அதாவது ரோமின் மிக உயர்ந்த தேர்தல் பதவியில் இருந்த சிசரோ, பத்தாண்டு நாடுகடத்தல் என்று தண்டனையைக் கடுமையாக்கினார். அதே ஆண்டு, அடுத்த கான்சலாகத் தேர்வான முரேனா இந்தக் குற்றச்சாட்டில் நீதிமன்றம் ஏறினார். அவருக்காக வாதாட வந்தவர் யார் தெரியுமா? சட்டம் கொண்டுவந்த அதே சிசரோ. முரேனா விடுதலையாகி, மறு ஆண்டு கான்சல் பதவியிலும் அமர்ந்தார்.