தவளைக்கு மஞ்சள் பூசாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவர் என்றதும் மாட்டின் மடிநோய் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று தவளை. சிரிக்க வேண்டாம். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவம். இரண்டிலும் தவளைகள் முற்றம் வரை வந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் எந்திரம், வயலில் மண்வெட்டி, வீட்டில் பூனை. காலொடிந்த தவளையைச் சிரட்டையில் ஏந்திக்கொண்டு பிள்ளைகள் வந்து நிற்பார்கள்: "டாக்டர், இதுக்கு மருந்து உண்டா?"

உண்டு. ஆனால் வீட்டு வைத்தியம்தான் முதலில் கெடுக்கிறது. மஞ்சள் பூசுவோம், டெட்டால் ஊற்றுவோம், உப்புநீரில் கழுவுவோம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியேதான். ஆகவே மேலே பூசுவது உடம்புக்குள்ளும் போகும். உப்போ உள்ளிருக்கும் நீரையும் இழுத்துவிடும். இதே தோலால் எங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. சில மருந்துகளை ஊசி போடாமல் முதுகில் சொட்டு விட்டே கொடுத்துவிடலாம். அளவு மட்டும் எடையைக் கிராம் கணக்கில் பார்த்துத்தான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சோப்பு போகக் கழுவிய ஈரக் கையால் எடுங்கள். மூடியில் துளையிட்ட டப்பாவில், கிணற்று நீரில் நனைத்த பருத்தித் துணி விரித்து வையுங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் ஆகாது. டப்பா நிறையத் தண்ணீரும் ஊற்றாதீர்கள். நீந்தத் தெம்பில்லாத தவளை மூழ்கிச் செத்துப்போகும். தீனி வேண்டாம். வெயில் படாமல் இருட்டில் கிடக்கட்டும். நல்ல தவளையை மல்லாத்தினால் சட்டென்று புரண்டுவிடும். புரளவில்லையென்றால் தாமதிக்காதீர்கள்.

போகும் முன் போன் செய்து கேளுங்கள்; எல்லா ஆஸ்பத்திரியிலும் தவளை பார்ப்பதில்லை. காட்டுத் தவளைக்கு வனத்துறையிடம் சொல்லுங்கள், வளர்க்க ஆசைப்படாதீர்கள். கண்ணாடித் தொட்டியில் வெளிநாட்டுக் கொம்புத் தவளை வளர்ப்பவர்கள், பறவை, ஊர்வன பார்க்கும் டாக்டரைத் திருவனந்தபுரம் வரைகூட விசாரிக்கலாம். குணமாகாது என்று அதைக் குளத்தில் மட்டும் விடாதீர்கள். பல நாடுகளில் தவளைகளை அழித்த தோல் பூஞ்சை நோய், ஊர்விட்டு ஊர் போன தவளைகளோடும் பரவியது.

அப்புறம், சொறித்தவளையைக் கவ்விய நாய் நுரை தள்ளினால் தவளையை விட்டுவிடுங்கள். நாயின் தலையைத் தாழ்த்தி, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைக் கழுவிவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.