முற்றத்துப் பட்டிப்பூவும் வின்கிறிஸ்டின் ஊசியும்

வணக்கம். கிளிநொச்சியென்றாலும் முல்லைத்தீவென்றாலும், முற்றத்தில் ஒரு பட்டிப்பூச் செடி நிற்காத வீடு குறைவு. ஆடு வாய்வைக்காது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும். சொந்த ஊர் மடகஸ்கார். வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் இந்தச் செடியிலிருந்துதான் வந்தன.

தேடிப் போனது இதையல்ல. ஜமெய்க்காவில் சீனி வருத்தத்துக்கு இந்த இலையை அவித்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் அதன் சாற்றை எலிகளில் சோதித்தார்கள். சீனி இறங்கவில்லை. ஊசியாக ஏற்றிய எலிகளோ, வெண்குருதிக் கலங்கள் சரிந்து, கிருமி தொற்றிச் செத்துப்போயின. அப்போ, அந்தக் கலங்கள் கட்டில்லாமல் பெருகுகிற இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா என்ற யோசனை வந்தது. வின்கிறிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிறார்கள்.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, பரம்பரைத் தகவலைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்க உள்ளே நுண்ணிய குழாய்கள் உண்டாகும். டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்துத்தான் அவை வளரும். மருந்து போய் டியூபுலினைப் பிடித்துக்கொள்ள, குழாய் வளராது, கலம் பாதியில் நின்று சாகும்.

சரி, கரைச்சல் எங்கே? அதே குழாய்கள் நரம்புக்குள்ளும் இருக்கின்றன, பிரிவதற்கல்ல, சாமான் கொண்டுபோக. போர்க்காலத்தில் ஏ9 பாதையைப் பூட்டிச் சாமான் வராமல் நின்றபோது வன்னிக்கு என்ன நடந்ததென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நரம்பிலும் அதுதான், தூரத்து முனைதான் முதலில் காயும். அதனால்தான் விரல் நுனியும் பாதமும் முதலில் விறைக்கின்றன. சேட்டுப் பொத்தான் போட முடியாது, செருப்புக் கழன்றது தெரியாது, வயலில் முள் ஏறினாலும் தெரியாது, சிலருக்கு நடக்கும்போது பாதமே தொங்கிவிடும். குடல் நரம்பும் சோரும், மலச்சிக்கல் கடுமையாக வரும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போய்வருகிறவர்கள் முடி கொட்டுவதைச் சொல்வார்கள், இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். இரண்டு மூன்று நாள் வயிறு போகாமல் ஊதினால் வெட்கம் பார்க்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்தும் தரலாம். பங்கசுக்கு இட்ராகொனசோல் குளிசை எடுத்தால் அதையும் சொல்லவேண்டும், அது வின்கிறிஸ்டினின் நச்சைக் கூட்டும்.

இன்னொன்று, இது நாளத்துக்குள் மட்டும் போகவேண்டிய மருந்து. முதுகுத்தண்டுக்குள் போனால் உயிர் போய்விடும். முதுகில் போடும் ஊசியோடு மாறிப்போகாமல் இருக்கத்தான் சிரிஞ்சில் எடுக்காமல் சின்னச் சேலைன் பையில் கலந்து ஏற்றச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம், முற்றத்து இலையை அவித்துக் குடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். உங்கள் கிண்ணத்தில் மருந்து எவ்வளவு, வேறு நச்சு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசிக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று: மருந்து ஏறும்போது கை எரிந்தால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம், மருந்து நாளத்துக்கு வெளியே கசிந்தால் தசை வெந்து புண்ணாகும், அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள்.